தணிகை மலைப்படிகள்

திருத்தணிகைக்குப் போய் வந்தவர்கள் முருகனின் அழகைச் சொல்வார்கள், மலைக்காற்றைச் சொல்வார்கள். மோட்டார் வண்டி உச்சிவரை ஏறிவிடும் இக்காலத்தில், அந்த 365 கற்படிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம். வருஷத்தின் தினம் ஒன்றுக்கு ஒரு படி என்பது ஐதிகம். எனக்கோ அந்தக் கணக்கைவிடக் கல்லின் ஸ்பரிசமே பிரியமானது: எண்ணற்ற பாதங்கள் தேய்த்து வழவழப்பாக்கிய நடுப்பகுதியும், உளியின் கொத்தல் இன்னும் சொரசொரப்பாக மிஞ்சியிருக்கும் ஓரமும் ஒரே கல்லில் அடுத்தடுத்து இருப்பதை வெறுங்கால் ஒன்றுதான் அறியும். வைகறையில் சில்லென்று வரவேற்கும் அதே படி, நடுப்பகலில் காலை ஊன்றவிடாது. நிதானமாக ஏறினால், அடிவாரத்துச் சரவணப் பொய்கை சிறுத்துக்கொண்டே போக, ஆந்திர எல்லைப் பக்கத்துக் குன்றுகள் மெல்ல மெல்லத் தலைகாட்டும். முன்னே ஏறுவோர் தெலுங்கிலும் பின்னே வருவோர் தமிழிலும் அலுத்துக்கொள்வார்கள், மூச்சு வாங்குவது மட்டும் ஒரே பாஷையில்!

படிபூஜை செய்யும் ஸ்திரீகளின் கைத்திறன் தனி. குனிந்தபடியே மூன்று விரலால் மஞ்சளைத் தீற்றி, அதன் நடுவே குங்குமம் வைத்து, கற்பூரத்தை ஏற்றிவிட்டு அடுத்த படிக்கு நகரும் அந்த லாகவத்தில் அவசரமே கிடையாது. டிசம்பர் 31 இரவுத் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவில், படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறும் பஜனை கோஷ்டிகளுக்கும் இதே பொறுமைதான். காற்று கற்பூரத்தை அணைத்துவிட்டால், அடுத்த படிக்குத் தாவிவிடாமல், உள்ளங்கையைக் குவித்து மறுபடியும் ஏற்றிவிட்டே நகர்கிறார்கள்.