ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது

வெள்ளிக்கிழமை ரிலீஸாகும் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் நூறு விமர்சனம் வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாண விருந்துக்கு மட்டும் விமர்சனமே கிடையாது. கை கழுவும் இடத்தில் 'சாப்பாடு பிரமாதம்' என்று ஒரு வரி. மிஞ்சிப்போனால் 'ரசத்துல உப்பு கம்மி'. அவ்வளவுதான். ஒரு குடும்பம் பல வருஷம் சேர்த்த பணத்தில் கணிசமான பங்கு அந்த இலையில்தான் போகிறது. அதனால் இந்த வாரம் சாப்பாட்டு விமர்சனம்.

சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் லீவு, எல்லா ஊரிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள் என்று அக்னி நட்சத்திரத்தில் போய்க் கல்யாணத்தை வைக்கிறோம். வாசலில் வெல்கம் டிரிங்க்: இளநீர், ரோஸ்மில்க் அல்லது நன்னாரி சர்பத். உள்ளே இலையில் இரண்டு ஸ்வீட், மூன்று காய், வடை, அப்பளம், புளியோதரை, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், பாயசம். ராத்திரி ரிசப்ஷன் என்றால் தோசைக்கு ஒரு கவுண்டர், சாட்டுக்கு ஒரு கவுண்டர், பனீரில் ஏதோ ஒன்று, பாஸ்தா, ஐஸ்க்ரீம், கடைசியில் பீடா.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். விடிகாலையில் அடுப்பு பற்றவைத்து, மூன்று பந்தியில் ஆயிரம் இலைக்கு ஒரே சூட்டில், ஒரே ருசியில் சாம்பார் ஊற்றுவது சாமானிய வேலை இல்லை. நம் ஊர் சமையல் மாஸ்டர்களுக்கு எந்த மேனேஜ்மென்ட் கல்லூரியும் பாடம் நடத்த வேண்டாம். ருசியில் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இலை எத்தனை என்று தெரியும். இலைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை, புதிதாக வந்தவர் என்றுதான் பொருள். விருந்து என்றால் ஆள், அயிட்டம் இல்லை. எப்போது அந்தச் சொல் ஆளை விட்டு இலைக்குத் தாவியதோ, அப்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது. இருபத்தோரு அயிட்டமா, இருபத்தைந்தா என்று காண்ட்ராக்டரிடம் பேசுகிறோமே தவிர, 'வருகிறவர்களில் யாருக்கு எது ஆகாது' என்று ஒரு வரி பேசுவதில்லை.

யாருக்கு ஆகாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், நாட்டில் ரத்த அழுத்தம் 35.5 சதவீதம் என்றது அந்த ஆய்வு. ஆயிரம் பெரியவர்கள் வந்த மண்டபத்தில் சுமார் நூற்று நாற்பது பேர் சர்க்கரைக்காரர்கள் என்று கணக்கு. இது 'ஸ்பெஷல் கேஸ்' இல்லை சார், ஒரு முழுப் பந்தி.

இவர்களுக்கு நம் விருந்தில் உண்மையான ஆபத்து ஜாங்கிரி என்று நினைப்பீர்கள். இனிப்பு கெடுதல்தான், ஆனால் அதை அவரே ஒதுக்கிவிட முடியும். அவரால் ஒதுக்க முடியாதது தாமதம். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டோ, சில வகை மாத்திரைகளை விழுங்கிவிட்டோ வந்தவர் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். முகூர்த்தம் பத்தரைக்கு. முதல் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்று இடம் பிடித்தாயிற்று. இரண்டாம் பந்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு. பெரியவர் ஒன்றரை மணிவரை 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று உட்கார்ந்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. அதற்கு அறிகுறி என்ன? வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். மே மாதத்து மண்டபத்தில் வியர்க்காதவர் யார்? பக்கத்தில் இருப்பவர் விசிறியை நீட்டி, 'என்ன வெயில் பாருங்க' என்பார். அந்த நிமிஷத்தில் அவருக்கு வேண்டியது விசிறி இல்லை. நினைவு இருக்கும்போதே, தினமும் விலக்குகிற அந்தச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் அதுதான் அப்போதைக்கு மருந்து. சர்க்கரைக்காரருக்கு என்ன போடுவது என்று யோசிக்கிறவர்கள்கூட, எப்போது போடுவது என்று யோசிப்பதில்லை.

அடுத்தது இளநீர். வெயிலுக்கு அதைப்போல உத்தமமான பானம் இல்லை, வாஸ்தவம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, முக்கியமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, டாக்டர்கள் முதலில் தடை போடுவது அதற்குத்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியேற்றாது. அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். வாசலில் நிற்கும் பையனுக்கு இது தெரியாது. 'இயற்கையானது சார், ஒண்ணும் பண்ணாது' என்று ஸ்ட்ரா போட்டே கொடுத்துவிடுவான். இயற்கையானது என்பதும் எல்லாருக்கும் ஆகும் என்பதும் ஒன்றல்ல.

சில மண்டபங்களில் இப்போது 'டயபடிக் கவுண்டர்' என்று ஒரு மேஜை போடுகிறார்கள். எட்டிப் பாருங்கள். நாட்டுச் சர்க்கரைப் பாயசம், பனைவெல்ல அல்வா, தேன் ஊற்றிய பழக்கலவை. வெள்ளைச் சீனிதான் வில்லன், வெல்லம் நல்லவன் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு, கொஞ்சம் தாது உப்பு சேர்த்தி. போர்டைப் பார்த்துவிட்டு 'நமக்குன்னு போட்டிருக்காங்க' என்று இரண்டு கப் சாப்பிடுகிறவரின் ரத்தத்துக்குக் கரும்பு எந்த வடிவில் வந்தது என்ற கவலை கிடையாது. போர்டே வைக்காத மண்டபத்தை விட, இந்த மாதிரிப் பொய் போர்டு வைக்கும் மண்டபம் ஆபத்தானது.

சரி, வியாதிக்காரர்கள் தங்களுக்கு ஆகாததைத் தெரிந்து ஒதுங்கட்டுமே என்பீர்கள். ஒதுங்க வேண்டுமானால் எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் அம்மா பரிமாறுபவரிடம், 'இதுல கடலை இருக்கா?' என்று கேட்கிறாள். தமிழில் கடலை என்றால் எது? கடலைப்பருப்பா, பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா, வேர்க்கடலையா? அவர் சட்னியை நினைத்துக்கொண்டு, 'பொட்டுக்கடலைதாம்மா' என்பார். பக்கத்திலேயே புளியோதரையில் வேர்க்கடலை வறுத்துப் போட்டிருக்கும். பொரியல் தாளித்தது செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயாக இருக்கும். மில்லில் முழுக்கச் சுத்திகரித்த எண்ணெயில் கடலையின் புரதம் அநேகமாக மிஞ்சாது, செக்கெண்ணெயில் மிஞ்சும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். ஆரோக்கியம் என்று நாம் பெருமையாகச் செக்குக்குத் திரும்பியது ஒரு குழந்தைக்கு விஷம். போதாததற்கு, புளியோதரைக் கரண்டியையே தயிர்சாதத்திலும் போடுவார்கள்.

இன்னொன்று, பெருங்காயம். கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு நம் அரிசிச் சாப்பாடு ஒரு வரப்பிரசாதம் என்று நினைப்போம். இட்லி, சாதம், சாம்பார், ரசம் எதிலும் கோதுமை இல்லையே! ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். டப்பா சமையல்கட்டில், சாப்பிடுகிறவர் பந்தியில். நடுவில் சொல்ல ஆள் இல்லை.

இதில் நம் மொழியும் கொஞ்சம் காலை வாருகிறது. வாயு பிடித்தாலும் 'ஒத்துக்காது', மூச்சு அடைத்துச் செத்துப்போகிற ஒவ்வாமைக்கும் அதே 'ஒத்துக்காது'. கேட்கிறவர் முதலாவதை எடுத்துக்கொண்டு சிரித்தபடி அந்தப் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்கிறார்: 'ஒரு நாளைக்குத்தானே, ஒண்ணும் ஆகாது!' தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் அன்போடு சொல்லப்படும் வார்த்தைகளில் இதைவிட அபாயகரமானது எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு நாளில் என்ன ஆகும்? 2016 ஜூலையில், லண்டன் விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டாள் நடாஷா எட்னன்-லாபரூஸ் என்ற பதினைந்து வயதுப் பெண். ரொட்டி மாவிலேயே எள் சேர்த்துச் சுட்டிருந்தார்கள். உறையில் அதைப் போடவில்லை. அப்போதைய சட்டப்படி போட வேண்டிய அவசியமும் இல்லை. விமானத்தில் ஒவ்வாமை கிளம்பி, அன்றே இறந்துபோனாள். பெற்றோர் போராடினார்கள். 2021 அக்டோபர் முதல், கடையிலேயே செய்து உறையில் போட்டு விற்கும் பண்டத்திலும் முழுப் பட்டியல் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். அவள் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

நம் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. 2020-ல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி, பாக்கெட்டில் அடைத்த பண்டத்தில் கோதுமை, பால், நிலக்கடலை, முந்திரி வகையறா, சோயா இருந்தால் தெரிவிக்க வேண்டும். பத்து கிளையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்கள் மெனுவிலும் தெரிவிக்க வேண்டும். ஆக, பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் தன் ஜாதகத்தையே சொல்கிறது. ஐந்நூறு ரூபாய் இலை வாயைத் திறப்பதில்லை.

ஆயிரம் பேரில் ஆளுக்கு ஆள் தனியாகச் சமைக்க முடியுமா என்று காண்ட்ராக்டர்கள் கேட்பார்கள். விமானத்தில் செய்கிறார்களே! ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டால், உப்புக் குறைத்தது, குளூட்டன் இல்லாதது, சர்க்கரைக்காரருக்கானது என்று நாலெழுத்துச் சங்கேதம் போட்டு உங்கள் சீட்டுக்கே வந்துவிடும்.

விமானம் எதற்கு, நம் மண்டபத்திலேயே செய்கிறோம். 'சம்பந்தி வீட்டில் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள்' என்று ஒரு வார்த்தை போதும், தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. ஒரு துண்டு பூண்டு தவறி விழாது. ஜெயின் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் கிழங்கு வகையே உள்ளே நுழையாது. ஒரு காலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தியே போட்டவர்கள் நாம். மனிதரை ஒதுக்கத் தனிப்பந்தி போடத் தெரிந்த சமூகத்துக்கு, மனிதரைக் காப்பாற்றத் தனிக் கரண்டி போட முடியாது என்றால் நம்ப முடியவில்லை. ஆசாரத்துக்குக் கிடைக்கிற மரியாதை ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம்.

பழைய இலைச் சாப்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும், கண்ணுக்குத் தெரியும், கையைக் குறுக்கே நீட்டினால் நின்றுவிடும். இப்போது அந்த வசதியும் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து உட்காரும் முன்பே எல்லாவற்றையும் பரிமாறி முடித்துவிடுகிறார்கள். ரிசப்ஷன் கவுண்டரிலோ வாயில் நுழையாத ராஜபரம்பரைப் பெயர்கள். குருமாவின் வெள்ளை நிறம் தேங்காயா, முந்திரியா, பாலேடா? பெயரில் ஒரு துப்பும் கிடைக்காது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் கொண்டாட்டமாகப் பெருகும். மே மாதத்தில் மண்டபமே நாற்பது டிகிரி. காலையில் வடித்த சாதமும் மதியத் தேங்காய்ச் சட்னியும் ராத்திரிவரை வெளியே காத்திருந்தால், திடகாத்திரமானவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு. கர்ப்பிணிக்கும், கீமோ எடுத்துக்கொள்கிறவருக்கும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கும் அது பெரிய விஷயம். திரும்பச் சுடவைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விட்டுப்போகிற நஞ்சு சூட்டுக்கு அசையாது.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரிய செலவு எதுவும் இல்லை.

பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அச்சடிக்கிறோம். கூடவே, 'உணவில் விலக்கு இருந்தால் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் முன்னால் ஒரு அட்டை: என்ன எண்ணெய், கடலை உண்டா, முந்திரி உண்டா, பால் உண்டா, கோதுமை உண்டா. வாசலில் இளநீருக்குப் பக்கத்தில் சாதாரணத் தண்ணீர். பத்து மணியிலிருந்தே ஒரு மூலையில் பத்து நாற்காலி, இட்லி, உப்புக் குறைத்த கூட்டு, மோர். மாத்திரை போட்டவர்கள் யாரையும் கேட்காமல் போய் உட்காரலாம். சமையல்கட்டில் எதில் என்ன போட்டது என்று அறிந்த ஒருவர், பந்தியில் நடமாட வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். 'தெரியாது' என்ற பதில் ஒரு உயிரைக் காப்பாற்றும். 'ஒண்ணும் ஆகாது' காப்பாற்றாது.

வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரத்தில் வைத்தார், மருந்தைத் தொண்ணூற்றைந்தில். நடுவில் எண்பத்தைந்து அதிகார தூரம். நம் மண்டபங்களில் அந்தத் தூரம் டைனிங் ஹாலுக்கும் ஆம்புலன்ஸுக்கும் உள்ள தூரமாகச் சுருங்கிவிடக் கூடாது.

அடுத்த முறை யாராவது இலைக்கு மேல் கையை நீட்டி 'வேண்டாம்' என்றால், கையை விலக்கி ஊற்றாதீர்கள். 'வேற என்ன போடட்டும்?' என்று கேளுங்கள். உபசாரம் என்பது அந்தக் கேள்விதான்.