விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பு

செல்ப் எடுக்காத பழைய டீசல் லாரியில் செய்து பார்க்கும் சோதனைகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தோன்றுவது ஒன்றுதான்: முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புவது. மல்டிமீட்டரை நம்புகிறவர்கள் இதை நாட்டு வைத்தியம் என்பார்கள். கணக்குப் போட்டால் நியாயம் விளக்கின் பக்கமே இருக்கிறது. மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுப்பதில்லை. அதனால் டெர்மினல் பூத்துப்போன பேட்டரியும் மீட்டரில் 12.6 காட்டும், 24 வோல்ட் வண்டியில் இரண்டையும் ஜோடியாகத் தொட்டால் 25.2. கிளாம்ப்புக்கும் முனைக்கும் இடையில் வெறும் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 21 வாட் டெஸ்ட் லேம்ப் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. அந்தத் தடையில் அது இழப்பது 0.05 வோல்ட்டுக்கும் குறைவு, அதை யார் கண்ணும் பிடிக்காது. செல்ப் மோட்டார் 300 ஆம்பியர் கேட்டால் அதே இடத்தில் 15 வோல்ட் கரைந்துபோகும். இப்படிப்பட்ட குறை பாரம் ஏறும்போதுதான் வெளியே வரும், அந்தப் பாரத்தைச் செல்ப் மோட்டாரே ஏற்றுகிறது. பக்கத்தில் நின்று சாட்சி சொல்வது மட்டுமே விளக்கின் வேலை.

அந்தச் சாட்சியைப் படிப்பதில்தான் ரசனை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் விளக்கு அடியோடு அணைந்தால், மின்சாரம் வரும் வழியிலேயே ஒரு இணைப்பு விட்டிருக்கிறது. கிளாம்ப்பைத் தொட்டால் சில வண்டிகளில் சுடும். விளக்கு மங்கி 'டகடகடக' என்று சத்தம் வந்தால் பேட்டரி பலமிழந்திருக்கிறது: சோலனாய்டு இழுக்கிறது, தொடுப்பு மூடுகிறது, மோட்டார் பாரம் ஏறியதும் வோல்ட் விழுகிறது, பிடிப்புச் சுருள் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் படுத்திருக்கும். பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் உருவும் பழக்கம் நம் லாரிகளில் ஊறிப்போனது. ஜோடி குலைவதற்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை. விளக்கு ஆழமாக மங்கி, ஒரே ஒரு 'டக்' கேட்டு, இன்ஜின் அசையாமல் நின்றால் சாவியை விட்டுவிட வேண்டும். செல்ப் உள்ளே இறுகியிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கியும் இருக்கலாம். பாரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் அடுத்த பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுப்பவர் கனெக்டிங் ராடைத்தான் வளைக்கிறார்.

விளக்கு கொஞ்சமும் மங்காத வண்டியில்தான் இந்தச் சோதனை பொய் சொல்கிறது என்பார்கள். சத்தமே இல்லையென்றால் சாவி, ரிலே, சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் என்று பார்க்கலாம். 'டக்' கேட்டும் விளக்கு பளிச்சென்று நின்றால் சோலனாய்டின் செம்புத் தொடுப்பு எரிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையும் விட்டிருக்கலாம். இந்த மூன்றையும் விளக்கால் பிரிக்க முடியாது என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் பல பழைய வண்டிகளில் விளக்குக்கான வயர் செல்ப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலிருந்தே பிரிகிறது. அங்கே விளக்கு மங்கவில்லை என்றால் இந்தக் குறைக்குப் பேட்டரியும் மெயின் கேபிளும் காரணமில்லை. சந்தேகம் பாதியாகிவிட்டது. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் உடம்புக்கு ஒரு ஜம்பர் கேபிள் கொடுத்தால் எர்த் பற்றிய கேள்வியும் தீரும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகச் சேஸிஸுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் போல்ட்டின் அடியைச் சுரண்டாமல் விட்டால், வண்டி பளபளவென்று நிற்கும், செல்ப் எடுக்காது. எந்த போல்ட் என்று எண்ணால் சொல்ல மல்டிமீட்டர் வேண்டும், மறுக்கவில்லை; ஆனால் அதன் முறை விளக்குக்குப் பிறகே வரும். அப்போதும் ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, முனைக்கும் கிளாம்ப்புக்கும் இடையில்தான் அளக்க வேண்டும். சும்மா நிற்கும் வண்டியில் அளப்பது வீண்.

வருத்தமெல்லாம் இப்போது பரவியிருக்கும் மாற்று வைத்தியத்தைப் பற்றித்தான். செல்ப் எடுக்கவில்லை என்றதும் ரீகண்டிஷன் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவது வேகமான வேலை என்று வாதிடுகிறார்கள். கழற்றி மாட்டும்போது போல்ட்டுகள் அசைந்து, துரு உரசி, இணைப்பு தற்காலிகமாக உயிர் பெறுவதால் அந்த வேகம் நிரூபணமானதுபோலத் தோன்றுகிறது. சில வாரங்களில் அதே குறை திரும்புகிறது. பழி புது மோட்டார் மேல் விழுகிறது. ஸ்குரூடிரைவரை சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் குறுக்கே வைப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: பினியன் ரிங் கியரைப் பிடிக்காமல் மோட்டார் மட்டும் வெற்றாகச் சுற்றும், தீப்பொறி தெறிக்கும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் செல்ப்புக்கு அனுமதி கொடுப்பதே கணினி என்பதால் அங்கே வேறு வாசிப்பு தேவை, உண்மை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இன்னும் ஓடும் மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யும்போது "செல்ப் எடுக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள், விளக்கு அணைந்ததா, மங்கியதா, அப்படியே நின்றதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.