கறுப்புத் தோலுக்கு வெளிச்சம் வைப்பவர்கள்

பளபளப்பேற்றிய கறுப்புத் தோல் காலணியைப் படமெடுக்கச் சொன்னால் போதும், ஒரு வணிகப் புகைப்படக்காரரின் தரம் தெரிந்துவிடும். கறுப்புத் தோலில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அதில் விழும் பிரதிபலிப்புதான். விளக்கை நேரே காட்டினால் ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் இருட்டுமே மிஞ்சும். பெரிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை நிறுத்தி, அந்தத் திரையின் சாயலை ஷூவின் மேல் நீளமாகப் படரவிட்டால்தான் முன்பகுதியின் வளைவு எழும். ஸ்வேடு தோல் இதற்கு நேர் எதிர். பக்கவாட்டில், தாழ்வாக வரும் ஒளியில்தான் அதன் துய் தெரியும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு இந்தப் படங்கள் ஒரு காலத்தில் இவ்வளவு அவசியமாக இருந்ததில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மூட்டைகளாகக் கப்பலேறிய நாட்களில், வாங்குபவர் தோலைக் கையால் தடவியே விலை பேசினார். 1970-களில் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோல் பதனிடும் ஊர்கள் காலணி செய்யும் ஊர்களாக மாறின. காலணிக்கு மாடல் உண்டு, சீசன் உண்டு, கேட்லாக் உண்டு. கடல் கடந்து இருப்பவர் கைக்குப் பதில் கண்ணை நம்ப வேண்டிய நிலை அப்போதுதான் வலுத்தது.

புகைப்படக்கலையின் தமிழகப் பாரம்பரியமோ இந்த மாற்றத்தைவிட மிகப் பழையது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படக்கலை கற்பிக்கப்பட்டது. சென்னைப் புகைப்படச் சங்கம் 1856-ல் உருவானது. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் நியமிக்கப்பட்டார். அவருடைய மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக விழும். அவர் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். இன்று கணினியில் செய்யும் ‘ரீடச்சிங்’ வேலைக்கு இந்த மண்ணில் அவ்வளவு வயதாகிறது!

பிறகு நெடுங்காலம் ஸ்டூடியோதான் பள்ளிக்கூடம். இருட்டறையில் உதவியாளராகச் சேர்பவர் முதலில் ரசாயனம் கலப்பார், பிறகு விளக்குப் பிடிப்பார், பல ஆண்டு கழித்தே கேமராவைத் தொடுவார். கைப்பழக்கம் ஏறும், காரணம் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. அந்தக் குறையைப் போக்கும் விதமாக, விளம்பரப் படத்துறையில் தேர்ந்த இக்பால் முகமது ஊட்டி அருகே லவ்டேலில் 2001-ல் ‘லைட் அண்ட் லைஃப் அகாடமி’யைத் தொடங்கினார். ஒளியின் இலக்கணம் வகுப்பறைக்கு வந்தது பெரிய நன்மை. ஆனாலும் பட்டறையில் நின்று, தோலின் முகப்பு எது, உட்புறம் எது, தையல் எங்கே பிசகும் என்று கண்டறிந்தவருக்கு வரும் கண் தனிதான்.

தரத்தின் முதல் விதி நிறம். 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையைக் காலணியின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரையில் தெரியும் ‘டேன்’ நிறத்தைத் தோல் சாம்பிளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். தூசியை அழிக்கலாம், நூல் பிசிரை நீக்கலாம். தோலின் இயல்பான ரேகையை மழித்து ரெக்சின் போல ஆக்குவதோ வாங்குபவரை ஏமாற்றும் வேலை. பொருளை உள்ளபடி காட்டினாலே போதும் என்பதற்குப் புகைப்படக்காரர் இர்விங் பென் ஓர் உதாரணம். அவர் ‘வோக்’ ஃபேஷன் இதழுக்கு எடுத்த முதல் அட்டைப்படம் 1943 அக்டோபரில் வந்தது. மாடல் பெண் யாரும் இல்லை. ஒரு பழுப்புத் தோல் பை, கையுறை, எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பொருட்களே. அதே இதழுக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் படமெடுத்தார் அந்த மனிதர்.

இந்தத் தொழிலில் நீண்ட காலம் நிற்க, கேமராவோடு ஒப்பந்தத் தாளும் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை படமெடுத்தவரின் ஆயுளையும் தாண்டி 60 ஆண்டு நீள்கிறது. எனவே படம் கேட்லாக்குக்கு மட்டுமா, சென்னைத் தோல் கண்காட்சி அரங்கின் பேனருக்குமா, எத்தனை வருடத்துக்கு என்பதையெல்லாம் சாம்பிள் ஜோடி மேசைக்கு வரும் முன்பே எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.