மேசையில் அடங்காத மேசைக் கணினி

கோர்சேர் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘ஆப்சிடியன் 1000டி’யை மேசைக் கணினிப் பெட்டி என்பது ஒரு பேச்சுக்குத்தான், மேசைமேல் ஏற்றினால் மேசை பாவம். உயரம் ஏறக்குறைய 70 செ.மீ., காலிப் பெட்டியே 29 கிலோவுக்கு மேல். உள்ளே இரண்டு கணினிகளைக் கட்டலாம்: ஒன்றில் விளையாட்டு, மற்றதில் அதன் நேரலை.

இவ்வளவு இடம் எதற்கு? சூட்டைத் தணிக்க. ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் வரை இழுக்கும். முன்பக்கம், குளிர்விக்கும் நீரின் சூட்டை வெளியேற்றும் 480 மி.மீ. ரேடியேட்டர்கள் இரண்டு நிற்கும். பரப்பு கூடினால் விசிறி மெல்லச் சுற்றினாலே போதும், இரைச்சல் அடங்கும்.

கைத்திறன் தெரிவது அந்த நீர் ஓடும் குழாயின் வளைப்பில். அக்ரிலிக் குழாய்க்குள் சிலிக்கோன் கயிற்றை நுழைத்து, சூட்டுக்காற்றில் இளக்கி வளைப்பார்கள். கயிறு இல்லாவிட்டால் வளைவு நசுங்கிவிடும்.

கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் கணினி தேடுபவருக்கு இந்தப் பெட்டி வீண்செலவு.