விடை தெரிந்தபின் வரும் இனக்கலப்பு

ஹைதராபாத்தில், அல்வாலிலிருந்து ஷாமீர்பேட்டைக்குப் போகும் சாலையில் இன்டர் கல்லூரிகளின் ரேங்க் பலகைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் வகுப்புகளில் அணைவுச் சேர்மத்தின் பிணைப்பு என்றால் ஒரே வேலைதான்: ஈனியைப் பார், டி எலக்ட்ரான்களைக் கட்டங்களில் நிரப்பு, இனக்கலப்பை எழுது, அடுத்த கேள்விக்குப் போ. குறை சொன்னால், "நுழைவுத் தேர்வுக்கு இதுதான் சார் வேகம், மீதியை எம்.எஸ்சி.யில் படித்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வேகம் உண்மைதான். இந்தக் கட்ட முறைக்கு அடிப்படையான, பாலிங் 1930களில் வகுத்த இணைதிறன் பிணைப்புக் கொள்கை, வடிவத்தையும் காந்தத் தன்மையையும் ஒரே படத்தில் காட்டியது. புதிதாகப் படிப்பவருக்கு அது நல்ல பிடிமானம்.

ஆனால் நடந்து முடிந்ததற்கு ஜாதகம் கணிப்பதுபோல, விடையைப் பார்த்த பிறகே அது காரணத்தை எழுதுகிறது. நிக்கலின் டெட்ராகுளோரோ அயனியில் இரண்டு தனித்த எலக்ட்ரான்கள் இருப்பதைக் காந்த அளவீடு சொன்னது; உடனே அது எஸ்பி3, நான்முகி. டெட்ராசயனோ அயனியில் ஒன்றும் இல்லை. ஆகவே டிஎஸ்பி2, சதுரத்தளம். சயனைடு ஏன் எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்று கேட்டால், "வலிமையான ஈனி" என்று படிகப்புலக் கொள்கையிலிருந்து கடன் வாங்கிய பதில் வருகிறது. ஆய்வகத்தில் எல்லா மாணவரும் பார்க்கும் கருநீலத் தாமிர அம்மோனியா அணைவுக்கும் டிஎஸ்பி2 என்றே எழுதுகிறோம். அதற்காக ஒரு 3டி எலக்ட்ரானை 4பி-க்கு ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றினால் அது எளிதில் கழன்று, தாமிரம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போயிருக்க வேண்டும். போவதில்லை. ஈனிகளின் வலிமையைப் பிரித்துக் காட்ட இக்கொள்கையால் முடியாது, சதுரத்தளமா நான்முகியா என்று துல்லியமாக முன்கூறவும் முடியாது என்று என்சிஇஆர்டி பாடநூலே அச்சிட்டிருக்கிறது. அந்தப் பத்தியை வகுப்பில் தாண்டிப் போகிறார்கள்.

உலோகக் கார்போனைல்களுக்கு வந்தால் இந்த முறை முற்றிலும் ஊமையாகிவிடுகிறது. மாங்கனீசின் ஹெக்சாகார்போனைல் நேரயனி, குரோமியம் ஹெக்சாகார்போனைல், வனேடியத்தின் எதிரயனி, டைட்டானியத்தின் இரட்டை எதிரயனி: நான்கும் எண்முகி, நான்கிலும் 18 எலக்ட்ரான், நான்குக்கும் எழுதுவது டி2எஸ்பி3. தனித்த கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ⁻¹. இந்த நான்கில் அது ஏறத்தாழ 2090, 2000, 1860, 1750 என்று இறங்குகிறது. உலோகத்தின் மின்சுமை குறையக் குறைய, அது தன் டி எலக்ட்ரான்களைக் கார்பன் மோனாக்சைடின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குக் கூடுதலாகத் தருகிறது. கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது. கரிம உலோக வேதியியலின் உயிரே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. டி2எஸ்பி3 என்ற குறியில் அதன் சுவடுகூட இல்லை. அந்தக் குறியை மட்டும் மனப்பாடம் செய்தவர் பிணைப்பைப் படிக்கவே இல்லை என்பேன்.

குறுக்குவழி கூடாது என்பதல்ல என் கட்சி. இதே ஊரின் மறுமுனையில், கச்சிபௌலியில் உள்ள ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில்தான் ஜெம்மிஸ், பாலகிருஷ்ணராஜன், பஞ்சரத்னா மூவரும் 2001இல் வெளியிட்ட எம்என்ஓ விதி பிறந்தது. அதுவும் எண்ணிக்கை விதிதான். ஃபெர்ரோசீனை, இரும்பு அணுவை உச்சியாகப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ஐங்கோணக் கூம்புகளாக அது பார்க்கிறது; 16 எலக்ட்ரான் இணைகள் வேண்டும் என்று சொல்கிறது; எண்ணிப் பார்த்தால் சரியாக 16 இருக்கின்றன. அந்த எண் மூலக்கூறு ஆர்பிட்டால்களிலிருந்து வந்தது. அதனால், இன்னும் தயாரிக்காத சேர்மத்தைப் பற்றியும் அந்த விதியால் பேச முடிகிறது.

எம்.எஸ்சி.யில் படிக்கட்டும் என்கிறவர்களுக்கு ஒன்று தெரியாமல் இருக்காது. பலகையில் படம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இதுவே கடைசி வேதியியல் வகுப்பு. தேர்வுக்குப் போதும் என்பதும் நிற்காது. 2006 ஐஐடி நுழைவுத் தேர்வு, கார்பன் மோனாக்சைடில் பிணைப்பு நீளம் 1.128 ஆங்ஸ்ட்ராம் என்று கொடுத்துவிட்டு, இரும்புப் பென்டாகார்போனைலில் அது எவ்வளவு என்று கேட்டது. விடை 1.15. கட்டங்களை நிரப்பி அந்த விடைக்கு யாரும் போய்ச் சேர முடியாது.