நட்டும் போல்ட்டும்

என் அக்காள் மகனுக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டது. பார்க்கிற பைத்தியமாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஓட்டுகிற பைத்தியம். பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, அம்பத்தூரில் ஒரு நண்பனுடைய பட்டறையின் பின்கட்டில் போட்டுக்கொண்டு, ஆபீஸ் விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். அடுத்த பருவத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முதல் தடவையாக இறங்குவது என்று தீர்மானம். பந்தய லைசென்ஸுக்கு மனுப் போட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வாங்கியாயிற்று. அக்கா எனக்குச் சொல்லியனுப்பினாள்: "நீ நாலு கதை எழுதினவன். நல்ல வார்த்தை சொல்லி அவனை நிறுத்து."

நிறுத்தப் போனவன் ஒரு புஸ்தகத்தோடு திரும்பி வந்தேன்.

"மாமா, இதைப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க" என்று எண்ணெய்க் கை ரேகையோடு அவன் கொடுத்த அந்தப் புஸ்தகம், கரோல் ஸ்மித் என்ற அமெரிக்கர் எழுதியது. 'பிரிப்பேர் டு வின்' என்று பெயர். 1975-ல் வெளிவந்தது. ஜெயிப்பதற்குத் தயார் செய்துகொள் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். ஸ்மித், லெ மான்ஸில் ஜெயிப்பதற்காக ஃபோர்டு கம்பெனி 1960-களில் நடத்திய பெருமுயற்சியில் கரோல் ஷெல்பியின் குழுவில் வேலை பார்த்தவர். தாமும் ஓட்டியவர். 2003-ல் காலமானார். இந்தப் புஸ்தகத்தை யாரும் இலக்கியம் என்று சொன்னதில்லை. நான் சொல்லத் துணிகிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கார்ப் பந்தயத்தைப் பற்றிக் கலைஞர்கள் செய்திருப்பவற்றை முதலில் பார்ப்போம். பேர் பெற்ற சினிமாப் படங்கள் உண்டு. 1966-ல் வந்த 'கிராண்ட் பிரீ' மூன்று ஆஸ்கார் பரிசுகள் வாங்கியது. படம் ஆரம்பிக்கும்போதே நட்டை முறுக்குவதும், பிளக்கைத் திருகுவதும் மிக அழகாக வருகின்றன. ஆனால் அதெல்லாம் பெயர்கள் ஓடி முடிகிற வரையில்தான். அப்புறம் காதலும் விபத்தும் கதையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கின்றன. 1971-ல் வந்த 'லெ மான்ஸ்' படத்தில் பேச்சு மிகக் குறைவு. சப்தமும் வேகமும்தான் படம். இரண்டையும் நான் ரசித்தேன். ஆனால் பந்தயத்தை இவர்கள் கொடி அசைந்த கணத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். கல்யாணக் கதை எழுதுகிறவன் தாலி கட்டுகிற நிமிஷத்தில் ஆரம்பிப்பதைப் போன்றது இது. பெண் பார்த்தது, கடன் வாங்கியது, அப்பா ராத்திரி தூங்காதது எல்லாம் எங்கே போயின?

நடிகர் பால் நியூமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் வந்த 'வின்னிங்' என்ற பந்தயப் படத்தில் நடிப்பதற்காக ஒரு பள்ளியில் சேர்ந்து ஓட்டப் பழகினார். படம் சாதாரணப் படம். ஆனால் பழகியது விடவில்லை. 1972-ல், நாற்பத்தேழு வயதில், தொழில்முறைக்காரராக அல்ல, ஆசைக்கு ஓட்டுகிறவராகப் பந்தயத்தில் இறங்கினார். அமெரிக்க அமெச்சூர் தேசியப் பட்டத்தை 1976, 1979, 1985, 1986 என்று நான்கு தடவை வென்றார். 1979-ல் லெ மான்ஸில் அவருடைய குழு இரண்டாவதாக வந்தது. அந்தப் படத்துக்கும் முதல் பட்டத்துக்கும் நடுவில் கிடக்கிற ஏழு வருஷங்கள்தான் கதை.

ஸ்மித் அந்த நடுப்பகுதியை எழுதுகிறார். ஜெயிப்பது எப்படி என்று அவர் பேசுவது அபூர்வம். போல்ட்டைப் பற்றிப் பேசுகிறார். எந்த உலோகத்தில் செய்தது, விசை அதன் எந்த இடத்தில் விழுகிறது, மரை வெட்டின பாகத்தில் ஏன் விழக் கூடாது, எவ்வளவு முறுக்க வேண்டும், முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஏன் பெயிண்ட் கோடு போட வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. போல்ட்டின் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டுகிறார்கள். ஒன்று கழல ஆரம்பித்தால் கம்பி மற்றதை இறுக்குகிற பக்கமாக இழுக்கும். ஆகவே இரண்டும் கழலாது. இதைப் படித்த ராத்திரி வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைவிட நல்ல குடும்ப உவமை ஒன்றை இருபது வருஷ எழுத்தில் நான் கண்டுபிடித்ததில்லை. ஸ்மித் அதை உவமையாகச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. கம்பியைக் கம்பியாகவே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அவருடைய நடையில் எரிச்சலும் இருக்கிறது, ஹாஸ்யமும் இருக்கிறது. சோம்பேறித்தனத்தை அவர் மன்னிப்பதில்லை. தம்முடைய முட்டாள்தனங்களையும் மறைப்பதில்லை. அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்கிற தோரணை என்பதைவிட, அடி வாங்கினவன் அடி வாங்கப் போகிறவனை எச்சரிக்கிற தோரணை என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் நாவல் ஒன்றில் மலைப் பாதையில் இறங்குகிற காரில் பிரேக் 'அறுந்து' போகிறது. கதாநாயகன் அதலபாதாளத்தில் விழுகிறான். பட்டறையில் மருமானோடு வேலை செய்கிற மெக்கானிக், படித்தவர் போலிருக்கிறது, "என்னங்க அறுந்துது? கயிறா?" என்று கேட்டார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துவிடும் என்று விளக்கினார். நாலாம் தரக் குறியீடுள்ள எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரி சூட்டுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினபின் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. தொடர்ந்து பிரேக் போட்டுச் சூடேறினால் குழாய்க்குள்ளே அது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆகவே மிதிக்கிற கால் நேரே தரைக்குப் போய்விடும். எண்ணெயை மாற்றாமல் விட்ட மனிதன் எப்போதோ செய்த தப்பு, மலையிறக்கத்தில் வந்து நிற்கிறது. என் கதையில் விதி செய்த வேலையை, நிஜத்தில் அசிரத்தை செய்கிறது. எது நல்ல நாவல் என்று வாசகர்களே சொல்லட்டும்.

ஸ்மித்திடம் குறைகளும் இல்லாமல் இல்லை. விமானத்துக்குச் செய்கிற தரமான போல்ட்டையே வாங்கு என்கிறார். அம்பத்தூரில் எந்தக் கடையில் என்று அவரைக் கேட்க முடியாது. அளவெல்லாம் அங்குலம். 1975-ம் வருஷத்துக் காருக்கு எழுதியது. இன்றைய காரின் மூளையாக இருக்கிற எலெக்ட்ரானிக் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவையெல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள். பெரிய குறை வேறு. காரை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறவர், காரைச் செய்கிறவனுடைய வீட்டைப் பார்ப்பதில்லை. சம்பளத்தில் பாதி டயருக்குப் போவதையும், வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிற தாயாரையும் எந்த அத்தியாயத்திலும் காணோம். அந்த இடத்தில்தான் நாவலாசிரியனுக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

1956-ல் அமெரிக்காவில் பீட் ஸ்னெல் என்ற அமெச்சூர் ஓட்டக்காரர் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அது காப்பாற்றவில்லை. அவருடைய நண்பர்கள் 1957-ல் அவர் பேரில் ஒரு ஸ்தாபனம் வைத்து, ஹெல்மெட்டுகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். இன்றும் உலகெங்கும் ஹெல்மெட்டுகளுக்குள்ளே ஸ்னெல் முத்திரை ஒட்டியிருக்கிறது. போட்டுக்கொண்டிருப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்பதற்கு ஒரு மனிதன் கொடுத்த விலை அந்தச் சிறு காகிதம்.

இந்த ஞாபகத்தோடுதான் முதல் சுற்றுக்குப் பத்து நாள் முன்பு பட்டறைக்குப் போனேன். கார் பளபளவென்று நின்றது. ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு. ஆசனத்தில் சிவப்புப் பட்டைகள், தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று ஜோராகத் தொங்கின. யாரோ பழைய ஓட்டக்காரரிடம் மலிவாக வாங்கியதாம். அதில் தைத்திருந்த சீட்டை எனக்குத் தெரிந்த மட்டில் படித்துப் பார்த்தேன். இந்த வருஷத்துக்கு மேல் செல்லாது என்று ஒரு வருஷம் போட்டிருந்தது. அது தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அத்தனை நட்டையும் பார்த்த பையன், பளபளப்பைக் கண்டு இதைப் பார்க்காமல் விட்டுவிட்டான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

புதுப் பட்டைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வந்து சேர இரண்டு வாரம் என்றார்கள். இரவல் தருவதாக ஒரு நண்பன் சொன்னான். மருமான் அன்று முழுக்க யோசித்துவிட்டு, "வேண்டாம் மாமா, முதல் சுற்று போகட்டும்" என்றான். ஒரு வருஷமாக அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்த பையன் அவன். ஒரு புஸ்தகம் மனிதனை மாற்றுமா என்று நம் விமரிசகர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவனை ஒரு பந்தயத்துக்குப் போகாமல் இருக்கச் செய்தது இந்தப் புஸ்தகம் என்று மட்டும் நான் சாட்சி சொல்ல முடியும். இதற்கு மேல் நல்ல புஸ்தகத்துக்கு வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு இந்த வியாக்கியானமெல்லாம் எடுபடவில்லை. "நிறுத்தச் சொன்னேன், நீ பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்" என்றாள். பாதிப் பணம் நான் கொடுத்தது எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் அவன் பதினான்கு கார்களில் பதினோராவதாக வந்தான். தடத்துக்குப் போயிருந்த நான் வீட்டுக்கு டெலிபோன் செய்தேன். எத்தனாவது என்று அக்கா கேட்கவில்லை. "இறங்கிவிட்டானா?" என்று மட்டும் கேட்டாள். இறங்கி, காரின் அடியில் படுத்துக்கொண்டு, நட்டுகளின் மேலிருந்த மஞ்சள் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன்.