விக்டரின் மௌனம்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் செத்த சதைக்கு உயிர் வரும் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நவம்பர் மாத இரவு, மணி ஒன்று. சன்னல் கண்ணாடியில் மழை. மெழுகுவத்தி எரிந்து தீரும் நேரம். மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது, மூச்சு வருகிறது, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. அவ்வளவுதான். 1931-இல் ஜேம்ஸ் வேல் எடுத்த திரைப்படத்தில் பார்த்த மின்னல், கோபுரம், வானை நோக்கி ஏறும் மேசை எதுவும் நூலில் கிடையாது. உயிர் கொடுத்த வித்தை என்ன என்பதையும் மேரி கடைசிவரை சொல்வதில்லை.

அதற்கு அடுத்து நடப்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வருடம் இதற்காகவே உழைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், அந்தக் கண் திறந்ததும் அறையை விட்டு ஓடுகிறான். படுக்கையறையில் போய் விழுந்து தூங்குகிறான். கெட்ட கனவிலிருந்து விழித்தால், படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. வாயைத் திறந்து ஏதோ குழறுகிறது. முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. ஒரு கை நீள்கிறது. பிடிக்க வந்த கை என்று விக்டர் நம்மிடம் சொல்கிறான். மேரி எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்தால் பிறந்த குழந்தை செய்வதெல்லாம் அங்கே இருக்கிறது: மழலை, சிரிப்பு, நீட்டிய கை. விக்டரின் வாயாலேயே விக்டருக்கு எதிரான சாட்சியம். இப்படி ஒரு பத்தியை எழுதியபோது மேரிக்கு இருபது வயதும் ஆகவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நாவல் பிறந்த கதையைப் பலரும் அறிவார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானில் பரவிய அதன் கந்தகப் புகை மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடையைக் கெடுத்தது. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த டியோடாட்டி மாளிகையில் மழைக்கு ஒதுங்கியவர்கள், பிரெஞ்சில் வந்திருந்த ஜெர்மானியப் பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றைப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். அங்கே இருந்த மருத்துவர் போலிடோரியிடமிருந்து பின்னால் ‘வாம்பயர்’ வந்தது. பதினெட்டு வயது மேரியிடமிருந்து வந்தது இது.

ஆனால் மழையும் மாளிகையும் சாக்குத்தான் என்று நினைக்கிறேன். வேர் அதற்கு முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே, மார்ச் 6 அன்று, இறந்துபோனது. அதே மாதம் 19-ஆம் தேதி அவருடைய நாட்குறிப்பில் ஒரு கனவு பதிவாகியிருக்கிறது: குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, கணப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது. மேரியே தாயைக் கொன்று பிறந்தவர் என்ற நினைப்போடு வளர்ந்தவர். பெண்ணுரிமைக்கு எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், 1797 ஆகஸ்ட் 30 அன்று இந்த மகளைப் பெற்று, செப்டம்பர் 10 அன்று பிரசவக் காய்ச்சலில் மறைந்தார். செத்ததை மீட்கும் ஆசையை மேரி ஆய்வுக்கூடத்திலிருந்து கற்கவில்லை. அந்த ஆசையின் கண்ணியத்தை அவர் முழுக்க அறிந்திருந்தார். அதனால்தான் விக்டரை ஒரு மந்திரவாதி வில்லனாக அவர் வரையவில்லை. தாயை இழந்த பிள்ளையாகவே அவன் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறான்.

ஆய்வுக்கூடமும் அன்று வெறும் கற்பனை அல்ல. பொலோனாவில் கால்வானி தவளைக் கால்களைத் துடிக்க வைத்திருந்தார். அவருடைய சகோதரி மகன் ஆல்டினி 1803 ஜனவரியில் லண்டனுக்கு வந்து, கொலைக் குற்றத்துக்காக நியூகேட்டில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டரின் சடலத்தில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. கொலைக் குற்றவாளியின் உடலை அறுவைக்குக் கொடுக்க 1752-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதுவும் போதாமல் கல்லறைகளைத் தோண்டிப் பிணம் திருடும் கூட்டம் லண்டனில் தொழில் நடத்திக்கொண்டிருந்தது. தோண்டப்பட்டவை பெரும்பாலும் ஏழைகளின் கல்லறைகள். கணவர் பெர்சி ஷெல்லிக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் லாரன்ஸ், உயிர் என்பது உடலுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் ஒரு பொருளா என்ற சர்ச்சையில் முன்னணியில் நின்றவர். மேரி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். எழுதும்போது ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் நூலையும் படித்தார்.

கடவுளின் வேலையில் மனிதன் கைவைத்தால் இதுதான் கதி என்பதே இந்நாவலின் நீதி என்று ஊரெல்லாம் சொல்கிறது. 1823-இல் இக்கதையை மேடையேற்றியவர்கள் நாடகத்தின் தலைப்பிலேயே விக்டரின் அகந்தையை எழுதி வைத்தார்கள். அன்று தொட்ட பழக்கம் இன்றுவரை விடவில்லை. நூலைத் திறந்து படித்தால் விக்டரின் குற்றம் வேறிடத்தில் தெரிகிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நண்பன் கிளெர்வல் வந்து சேர்கிறான். அறை காலியாக இருப்பதைப் பார்த்து விக்டர் மகிழ்ச்சியில் கைதட்டுகிறான். எட்டடி உயரத்தில், பேச்சுகூட வராத ஓர் உயிர் நகரத்துக்குள் எங்கோ போயிருக்கிறது; செய்தவனுக்கு நிம்மதி! பல மாதம் நோயில் கிடந்து, கிளெர்வலின் பணிவிடையில் பிழைக்கிறான். அவனிடமும் சொல்லவில்லை. தம்பி வில்லியம் கொலையாகிறான். வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின்மீது பழி விழுகிறது. கொலையாளி யார் என்று விக்டருக்கு உள்ளூரத் தெரியும். வழக்கு மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். பைத்தியம் என்பார்களே என்று வாய் திறக்கவில்லை. ஜஸ்டினைத் தூக்கிலிடுகிறார்கள். மணக்கவிருக்கும் எலிசபெத்திடம், திருமணத்துக்கு மறுநாள் சொல்வதாக வாக்களிக்கிறான். மணநாள் இரவே அவள் இறக்கிறாள். இத்தனை பேர் மாண்டபிறகுதான் ஜெனீவா நீதிபதி ஒருவரிடம் போய் முழுக்கதையைச் சொல்கிறான்.

இந்த மௌனத்துக்கு எதிராக மேரி செய்திருக்கும் கட்டமைப்பு எனக்கு மிகப் பிடித்தமானது. நாவல் முழுவதும் சொல்லுதலால் ஆனது. வடதுருவம் போகும் கப்பலில் இருந்து வால்ட்டன் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறான். கடிதத்துக்குள் விக்டர் பேசுகிறான். விக்டரின் பேச்சுக்குள், நூலின் நடுமையத்தில், பெயரில்லாத அந்த உயிர் பேசுகிறது. ஆல்ப்ஸ் பனிப்பாறைமேல் படைத்தவனைச் சந்திக்கும்போது அது முதலில் கேட்பது தன் கதைக்குக் காது கொடு என்பதையே. நூலின் மிக அழகான பகுதியும் அதனுடைய குரல்தான்: சுவர் இடுக்கு வழியாக ஓர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து மொழி கற்றது, மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்தது. ஓடிவந்தபோது எடுத்த சட்டைப் பையில் விக்டரின் ஆய்வுக் குறிப்பேடு இருக்கிறது. நாலு மாதக் குறிப்புகள். தன்னை எப்படிச் செய்தார்கள், எவ்வளவு அருவருப்போடு செய்தார்கள் என்று அது வரிவரியாகப் படிக்கிறது. நண்பனுக்கும் ஆசிரியருக்கும் காட்டாத குறிப்பை ஆய்வுப்பொருள் படித்துவிடுகிறது! ஆய்வறம் பற்றிய எத்தனையோ அறிக்கைகள் சொல்லமுடியாததை இந்த ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறது.

நாவல் வெளியானது 1818 ஜனவரி 1, ஆசிரியர் பெயரில்லாமல், 500 படிகள். இருநூறு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், ஹெ ஜியன்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். குழந்தைகள் பிறந்தபிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மறு ஆண்டு ஷென்ஜென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. இதற்கு நேர்மாறாக, மரபணுக்களை வெட்டி ஒட்டும் நுட்பம் புதிதாகக் கைவந்தபோது, பால் பெர்க் முதலான விஞ்ஞானிகள் தாங்களாகவே சில ஆய்வுகளை நிறுத்திவைத்து, 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் கூடிப் பேசி விதிகள் வகுத்தார்கள். பத்திரிகையாளர்களையும் உள்ளே விட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் குறைகள் உண்டு, விஞ்ஞானிகளே விஞ்ஞானிகளுக்கு நீதிபதியானார்கள் என்று சொல்லலாம். ஆனாலும் கதவு திறந்திருந்தது.

விக்டர் ஒரே ஓர் இடத்தில் உண்மையாகவே யோசிக்கிறான். அந்த உயிர் கேட்டபடி ஆர்க்னி தீவில் அதற்கு ஒரு துணைப் பெண்ணைச் செய்துகொண்டிருக்கும்போது அவனுக்கு ஓர் எண்ணம் வருகிறது: தான் உருவாகும் முன்பே பிறர் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இவள் ஏன் கட்டுப்படவேண்டும்? இன்னும் பிறக்காதவளின் சம்மதம்! மரபணுத் திருத்தம் பற்றிய இன்றைய விவாதத்தின் உயிர்நாடி அது. ஆனால் இதையும் அவன் பூட்டிய அறையில் தனியாகவே முடிவு செய்கிறான். பாதி செய்த உடலைக் கிழித்து, கற்களோடு கூடையில் கட்டிக் கடலில் போடுகிறான். சரியான கேள்விதான், ஆனால் பழைய ஆள்.

நாவலை வாங்க நினைப்பவர்கள் 1818 பதிப்பையே தேடவேண்டும் என்பது என் வேண்டுகோள். 1831-இல் மேரி திருத்தி வெளியிட்ட வடிவத்தில் விக்டர் விதியின் கைப்பாவையாகச் சாய்கிறான். முதல் பதிப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்கு வேறு வழி இருக்கிறது, அதை அவன் விடுகிறான். அறக்கேள்வி கூர்மையாக நிற்பது அங்கேதான்.

கடைசிப் பக்கங்களைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கப்பலைப் பனி சூழ்ந்திருக்கிறது. மாலுமிகள் சிலர் இறந்துவிட்டார்கள். வழி திறந்தால் வீடு திரும்பவேண்டும் என்று மற்றவர்கள் வால்ட்டனிடம் வாக்குக் கேட்கிறார்கள். சாகக் கிடக்கும் விக்டர் எழுந்து உட்கார்ந்து அவர்களைக் கோழைகள் என்று ஏசுகிறான், வீரர்களாக முன்னேறுங்கள் என்று முழங்குகிறான். அறிவுத் தாகத்தால் அழிந்ததாக இத்தனை பக்கம் எச்சரித்தவனும் இவன்தான். இறக்கும்போதுகூட, தன் நடத்தையில் பழி காணவில்லை என்கிறான், நான் தோற்ற இடத்தில் இன்னொருவன் ஜெயிக்கலாம் என்கிறான். விக்டர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அவனை அப்படியே விடும் துணிவு மேரிக்கு இருந்தது.

வால்ட்டன் மட்டும் கப்பலைத் திருப்புகிறான். ஞானம் பெற்று அல்ல. மனக்கசப்போடு, புகழ் போயிற்றே என்று புலம்பிக்கொண்டு திருப்புகிறான். அவனைத் திருப்பியவர்கள் பெயர்கூடத் தெரியாத அந்த மாலுமிகள், பயணத்தின் பலனில் பங்கில்லாமல் அதன் ஆபத்தில் மட்டும் பங்குள்ளவர்கள். விக்டரின் அறைக்குள் அப்படிப்பட்டவர் ஒருவரும் இருக்கவில்லை. வால்ட்டனின் கப்பலில் அவர்கள் இருந்தார்கள், கேட்டார்கள், அவனும் சம்மதித்தான்.